அடிவாரத்து ஆடும் மலைமுடி வரையாடும்

திண்டுக்கல் என்றால் ஒருவருக்குப் பூட்டு ஞாபகத்துக்கு வருகிறது. இன்னொருவருக்குப் பிரியாணி ஞாபகத்துக்கு வருகிறது. பேகம்பூர்ப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தோல் பதனிடும் சாலைகளின் வாடை லேசில் மறக்காது. யோசித்துப் பார்த்தால், பூட்டைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டுக்கும் மூலதனம் ஒன்றேதான். அது ஆடு.

வியாழக்கிழமை விடியற்காலையில் அய்யலூர்ச் சந்தைக்குப் போனால் இது இன்னும் நன்றாக விளங்கும். தீபாவளிக்கு முந்திய வாரமென்றால் கேட்கவே வேண்டாம். கிழக்கே வந்த ஆடு மேற்கே போகிற லாரியில் ஏறும். வடக்கே வந்தது தெற்கே போகும். காலையில் ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாமல் நின்றவை, வெயில் ஏறுவதற்குள் ஒரே கயிற்றில் சொந்தம் கொண்டாடிக்கொண்டு புறப்பட்டுவிடும்.

திண்டுக்கல் கோட்டை மலைமேல் ஏறி நின்று, பளிச்சென்ற ஒரு நாளில் மேற்கே பாருங்கள். பழனி மலைத் தொடர் நீலமாகத் தெரியும். அதன் உச்சியில், கொடைக்கானலையும் தாண்டிய புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் வேறொரு ஆடு இருக்கிறது. சந்தையை அது கண்டதில்லை. கயிற்றையும் அறியாது. ஆனாலும் அய்யலூரில் கைமாறுகிற ஒரு குட்டியின் இருமலுக்கும் அந்த மலை ஆட்டின் ஆயுளுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். அந்தச் சம்பந்தம் என்ன என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

மலைக்கு வாழ்க்கைப்பட்ட பிராணி

‘வரை’ என்றால் மலை. மலையில் வாழும் ஆடு வரையாடு. சங்கப் பாடல்களில் இதற்கு ‘வருடை’ என்று பெயர். இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்ற கௌரவமும் இதற்குத்தான். உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக மேற்குத் தொடர்ச்சி மலையின் தென் பாதியில் மட்டுமே வாழ்கிறது.

பெரும்பாலும் 4,000 அடிக்கு மேலே, புல்லும் பாறையும் கலந்த இடங்கள்தான் இதற்குப் பிடிக்கும். புலியோ சிறுத்தையோ வந்தால், நாம் பார்த்தாலே தலை சுற்றும் செங்குத்துப் பாறையில் நாலே தாவில் இறங்கி நின்றுகொள்ளும். வயதான கிடாயின் முதுகில் சேணம் பூட்டினாற்போல் வெளுத்திருக்கும்.

இந்த ஆட்டின் மீது அக்கறை கொண்டு முதன்முதலாக முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஈ.ஆர்.சி. டேவிதார். அவருடைய நினைவாகத்தான் அக்டோபர் 7-ந் தேதியை ‘வரையாடு தினம்’ என்று தமிழ்நாட்டில் கொண்டாடுகிறார்கள். வரையாட்டைக் காப்பதற்கென்றே 2023-ல் தமிழ்நாடு அரசு ஒரு தனித் திட்டத்தையும் தொடங்கியது. அந்தத் திட்டத்தின்படி 2024-ல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் இருந்தவை 1,031. அடுத்த ஆண்டு, 2025-ல் எடுத்த கணக்கில் 1,303.

ஆயிரத்து முந்நூறு! நம் ஊரில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வருகிற கூட்டம். அதுவும் ஒரே பந்தலில் இல்லை. நீலகிரியில் கொஞ்சம், ஆனைமலையில் கொஞ்சம், பழனி மலையில் கொஞ்சம், தெற்கே இன்னும் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. ஒரு குன்றில் உள்ள மந்தைக்கு ஏதாவது நேர்ந்தால், அடுத்த குன்றிலிருந்து வந்து நிரப்புவதற்கு நடுவில் தேயிலைத் தோட்டமும் தார் ரோடும் தடுக்கின்றன.

இன்னொரு செய்தியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இமயமலையில் ‘தார்’ என்ற மலை ஆடு இருக்கிறது. நம் வரையாடு அதற்குத் தம்பி முறை என்றுதான் வெகு காலம் எண்ணியிருந்தார்கள். 2005-ல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த விஞ்ஞானிகள், “அப்படியில்லை, இது செம்மறியாட்டுக்குத்தான் நெருங்கிய உறவு” என்று சொல்லித் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். பெயரளவில் இது சின்னத் திருத்தந்தான். ஆனால் நோயின் கண்ணோட்டத்தில் சின்ன விஷயமில்லை. உறவுக்காரர்கள் வீட்டுக்குக் கிருமி சுலபமாக வழி கண்டுபிடித்துவிடும்.

நமக்குத் தெரிந்த குடும்பம்தான்

குழந்தைக்குத் தட்டம்மை, அதாவது மணல்வாரி, கண்டால் எப்படி இருக்கும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜுரம் அடிக்கும். கண் சிவந்து நீர் வடியும். மூக்கு ஒழுகும். இருமல் வரும். சில குழந்தைகளுக்கு வயிற்றுப் போக்கும் சேர்ந்துகொள்ளும்.

இதே அடையாளங்களை ஓர் ஆட்டின் மீது ஏற்றிப் பாருங்கள். கடுமையான ஜுரம். கண்ணில் பீளை. மூக்கில் முதலில் தண்ணீராக, பிறகு கெட்டியாகச் சளி. வாய்க்குள்ளே ஈறிலும் நாக்கிலும் புண். தழையை நீட்டினால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு கழிச்சல். பிறகு மூச்சிரைப்பு. ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். தப்பிப் பிழைப்பதும் உண்டு. குட்டிகள் பிழைப்பது அரிது.

இதுதான் ஆட்டுக்கொல்லி நோய். டாக்டர்கள் பி.பி.ஆர். என்பார்கள். அடையாளங்கள் தட்டம்மையைப் போல இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டுக்கும் காரணமான வைரஸ்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் வைரஸும் அந்தக் குடும்பந்தான். மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயும் அந்தக் குடும்பந்தான். மாட்டின் வெக்கை நோய்க் கிருமியின் வம்சத்திலிருந்து பிரிந்து வந்துதான் மனிதனுக்குத் தட்டம்மை உண்டாயிற்று என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு.

பயப்பட வேண்டாம். ஆட்டுக்கொல்லி நோய் மனிதர்களுக்குத் தொற்றுவதில்லை. அது ஆட்டைத்தான் தேடும். வெள்ளாட்டை முதலில், செம்மறியை அடுத்தபடியாக. அவற்றின் காட்டு உறவுகள் கிட்டினால் அவற்றையும் விடாது.

பெரியண்ணன் கதை

தம்பியைப் பற்றிப் பேசுமுன் பெரியண்ணனைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. வெக்கை நோய் என்ற பெயரைக் கேட்டால் இன்றைக்கும் கிராமத்து முதியவர்களின் முகம் மாறும். ஒரு தொழுவத்தில் நுழைந்தால் அந்த ஊரில் உழுவதற்கு மாடில்லாமல் செய்துவிட்டுத்தான் போகும்.

ஆப்பிரிக்காவில் அது செய்த அக்கிரமம் சரித்திரத்தில் இடம் பெற்றது. 1887 வாக்கில் எரித்ரியாக் கடற்கரையில் இறங்கிய கால்நடைகளோடு நோயும் இறங்கியது. அந்தக் கால்நடைகள் இந்தியாவிலிருந்து போனவை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பத்தே வருஷத்தில் அது கண்டத்தின் தென் கோடி வரை நடந்து போய்விட்டது. மாடுகள் போயின. எதியோப்பியாவில் கொடும் பஞ்சம் வந்தது. காட்டெருமைகளும் மான்களும் கூட்டங் கூட்டமாக மடிந்தன.

அவ்வளவு தூரம் போவானேன்? 1968-ல் நம் முதுமலையிலும் அதை ஒட்டிய பந்திப்பூரிலும் இதே வெக்கை நோய் புகுந்தது. இன்று கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம்கூடக் கம்பீரமாக உலா வருகிறதே, அந்தக் காட்டு மாடு, அவை அந்தக் காடுகளில் ஏராளமாகச் செத்து விழுந்தன. யானை வந்தாலும் விலகாத பிராணி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குத் தலை சாய்த்தது.

இந்த நோயை எதிர்த்து நம் நாடு நடத்திய யுத்தம் நீண்டது. 1889-ல் புனாவில் தொடங்கிய ஆராய்ச்சிச் சாலையை 1893-ல் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றினார்கள். கிருமியை வைத்துக்கொண்டு வேலை செய்கிற இடம், மாடுகள் நிறைந்த ஊருக்கு எட்டாமல் இருக்க வேண்டுமல்லவா? அங்கேதான் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, மாட்டு வெக்கைக் கிருமியை ஆட்டின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி, அதன் விஷத்தைக் குறைத்து, 1920-களில் ஊசி மருந்து கண்டார். மாட்டைக் காப்பாற்ற ஆடு உதவியது! 1954-ல் நாடு முழுவதும் மாடுகளுக்கு ஊசி போடும் பெரும் திட்டம் தொடங்கியது.

இந்தியாவில் கடைசியாக வெக்கை நோய் கண்டது 1995-ல். அதுவும் நம் தமிழ்நாட்டில்தான். உலகத்தில் கடைசியாகக் கண்டது 2001-ல், கென்யாவில், ஒரு காட்டெருமைக் கூட்டத்தில். 2011-ல் உலகத்தை விட்டே வெக்கை நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனிதனுக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இது.

இந்தக் கதையில் ஒரு முடிச்சு இருக்கிறது. கவனித்தீர்களோ இல்லையோ? காட்டு மாட்டுக்கு யாரும் ஊசி போடவில்லை. ஆப்பிரிக்கக் காட்டெருமையைப் பிடித்துக் கட்டி மருந்து செலுத்தியவர் கிடையாது. ஊசி போட்டதெல்லாம் வீட்டு மாட்டுக்கு! அப்படியிருந்தும் காட்டிலிருந்த நோய் எங்கே போயிற்று?

கிழக்கு ஆப்பிரிக்காவில் செரங்கெட்டி என்ற மாபெரும் புல்வெளி இருக்கிறது. அங்கே வில்டபீஸ்ட் என்ற மான் இனம் 1960-களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சந்தான் இருந்தது. சுற்றியிருந்த கிராமத்து மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். 1970-களின் கடைசியில் அதே வில்டபீஸ்ட் சுமார் 13 லட்சம்! காட்டுப் பிராணிதான் நோயை வளர்த்துக்கொண்டு ஊர் மாட்டுக்குக் கொடுக்கிறது என்று அதுவரை பழி சொல்லியிருந்தார்கள். உண்மை நேர்மாறாக இருந்தது. அடுப்பு எரிந்தது ஊரில். பொறி பறந்து போய் விழுந்தது காட்டில். அடுப்பை அணைத்ததும் பொறியும் நின்றது.

அரசூரில் தெரிந்த தம்பி

இனி தம்பிக்கு வருவோம். ஆட்டுக்கொல்லி நோயை முதன்முதலில் 1942-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் விவரித்தார்கள். இந்தியாவில் இதை முதன்முதலாக அடையாளம் கண்ட இடம் எது தெரியுமா? விழுப்புரம் பக்கத்து அரசூர்க் கிராமம். வருஷம் 1987. அதற்கு முன்னால் இந்த நாட்டில் ஆடுகள் இப்படிச் சாகும்போதெல்லாம் ‘வெக்கை நோய்தான் ஆட்டுக்கும் வந்துவிட்டது’ என்றே நினைத்திருந்தார்கள். அண்ணன் பெயரில் தம்பி எத்தனை காலம் உலவினானோ!

அரசூரில் எடுத்த அதே கிருமியிலிருந்து நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி தயாரித்தார்கள். முக்தேசுவரத்துக்காரர்கள், இமாசலப் பிரதேசத்தில் சுங்கிரி என்ற கிராமத்து ஆட்டிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டு இன்னொரு ஊசி மருந்து செய்தார்கள். திருடனையே காவல்காரனாக்கிய வித்தை இது. ஒரு முறை போட்டால் குறைந்தது மூன்று வருஷங்களுக்கு ஆட்டுக்குப் பயமில்லை. வெட்டுக் கிடாய்களில் பலவற்றுக்கு ஆயுளே அவ்வளவு கிடையாது!

பரவுகிற வழியும் சிக்கலானதல்ல. நோய் கண்ட ஆடு இருமினால், தும்மினால், பக்கத்து ஆடு அந்த மூச்சை இழுத்தால் போதும். ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தாலும், சளியும் சாணமும் பட்ட தழையைத் தின்றாலும் தொற்றும். உள்ளே போன கிருமி நாலு முதல் ஆறு நாள் வரை சத்தங் காட்டாமல் இருக்கும். இதில் ஒரு சூது உண்டு. அடையாளம் வெளியே தெரிவதற்கு முன்பே ஆடு கிருமியை வெளியிடத் தொடங்கிவிடும். சந்தையில் துள்ளிக்கொண்டு நிற்கும் குட்டியைப் பார்த்து, “ஆகா, என்ன துடிப்பு!” என்று வாங்கி வருகிறோம். துடிப்போடு வேறொன்றும் வருகிறது.

கிருமிக்குப் பலவீனமும் உண்டு. ஆட்டின் உடம்பை விட்டு வெளியே வந்தால் வெயிலில் அது வெகு நேரம் தாக்குப் பிடிக்காது. பிழைத்த ஆடு ஆயுசு பூராவும் அதைத் திரும்ப ஏற்றுக்கொள்ளாது. ஒளித்து வைத்துக்கொண்டு பிறகு பரப்பவும் செய்யாது. ஆகவே கிருமி உயிரோடிருக்க வேண்டுமானால் நாள்தோறும் புதுப் புது ஆடு கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பஞ்சமா? 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 99 லட்சம் வெள்ளாடுகள், 45 லட்சம் செம்மறியாடுகள். ஈற்றுக்கு இரண்டு குட்டி போட்டு, வருஷம் முழுதும் விறகு அடுக்கிக்கொண்டே இருக்கிறோம்.

மலையேறிய நோய்

‘அதெல்லாம் சரி, ஊர் ஆட்டு நோய் மலை உச்சிக்கு எப்படிப் போகும்?’ என்று கேட்பீர்கள். போயிருக்கிறது.

திபெத்தின் மேற்குக் கோடியில் 2007-ல் ஊர் ஆடுகளுக்கு இந்நோய் கண்டது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அங்குள்ள ‘பரல்’ என்ற நீல ஆடுகள் மடிந்தன. நம் லடாக்கிலும் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டிருக்கும் அதே இனந்தான். 2010-11-ல் ஈராக்கின் குர்திஸ்தான் மலைகளில் 750-க்கும் மேற்பட்ட காட்டு வெள்ளாடுகள் செத்தன. 2016-ல் மங்கோலியாவில் மேய்ச்சல்காரர்களின் ஆடுகளுக்கு வந்தது. சில மாதங்களில் சைகா என்ற, தும்பிக்கை போன்ற மூக்குடைய அபூர்வ மான் இனத்தில் பாதிக்கும் மேல் பலியாயிற்று. மலை ஆடான ஐபெக்ஸையும் விடவில்லை. அந்தப் பனிப் பிரதேசத்தில் இவைதான் பனிச் சிறுத்தைக்கு ஆகாரம். ஆடு போனால் சிறுத்தைக்கும் பட்டினி.

மூன்று இடத்திலும் வழி ஒன்றுபோலத்தான் தெரிகிறது. வீட்டு ஆடும் காட்டு ஆடும் சேர்ந்து மேயும் புல்வெளி, கோடையில் இரண்டும் வந்து குடிக்கும் ஒரே ஊற்று.

கிருமி லாரியிலும் கப்பலிலும்கூடப் பிரயாணம் செய்யும். 1987-ல் இலங்கைக்குப் போன இந்தியப் படையினரின் சாப்பாட்டுக்காகக் கப்பலேறிய ஆடுகளோடுதான் மாட்டு வெக்கை நோய் அந்தத் தீவுக்குத் திரும்பவும் போயிற்று என்பது ஆராய்ந்தவர்களின் அபிப்பிராயம். பாக் ஜலசந்தியையே தாண்டியதற்குப் பழனி மலை எம்மாத்திரம்?

நம் பக்கத்தில் கோடையில் சமவெளி காய்ந்ததும் ஆடு மாடுகளை அடிவாரத்துக்கு ஓட்டுவது பரம்பரை வழக்கம். அறுவடையான வயலில் கிடை போடுகிறார்கள். ஒரு கிடையில் பல வீட்டு ஆடுகள். அங்கிருந்து அடிவாரம், அடிவாரத்திலிருந்து ஓடைக்கரை, ஓடையின் மேல் பக்கம் காடு. நோய்க்கு இறக்கை வேண்டியதில்லை, நாலு கால் போதும்.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ப்பதற்குத் தடை விதித்தது; பிறகு அந்தத் தடை தேசியப் பூங்கா, வன விலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. வன விலங்குகளின் மேல் பிரியமுள்ளவர்கள் மகிழ்ந்தார்கள். மேய்ச்சலையே நம்பியிருக்கும் குடும்பங்கள், “நாங்கள் எங்கே போவோம்?” என்று கேட்டன. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வேலி போடுவதால் மட்டும் தீருகிற விஷயமல்ல இது. காவல்காரர் கண்ணுக்குத் தப்பி ஓர் ஆடு உள்ளே போனாலும், அந்த ஆடு ஊசி போட்ட ஆடாக இருந்துவிட்டால், வரையாட்டுக்கு ஆபத்தில்லை.

மூன்று உருப்படிகள்

சென்ற மழைக் காலத்தில், கூடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கொண்டுவரும் ஓர் அம்மாள் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமம். முகம் வாடியிருந்தது.

“மூணு உருப்படி போச்சு தாயி. சந்தையில ஒரு பொட்டைக்குட்டி வாங்கியாந்தேன். நாலாம் நாளே மூக்குல சளி. ரெண்டு வாரத்துல பக்கத்துல கட்டிக் கெடந்த மூணும் கழிஞ்சு கழிஞ்சு படுத்திருச்சு.”

“ஊசி போடலையா அக்கா?”

“ஊருக்கே வந்து போட்டாக. வயித்துல குட்டி இருக்கே, கலைஞ்சுருமோன்னு நான்தான் ஒளிச்சுக் கட்டிப் போட்டேன்.”

அந்த மூன்று ஆட்டையும் விற்றுத்தான் மகளுக்கு வளைகாப்பு நடத்துவதாக இருந்தாராம். பாங்கியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இது விளங்காது. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு ஆடுதான் பாஸ் புத்தகம், குட்டிதான் வட்டி. பிரசவமோ, பள்ளிக்கூடச் சம்பளமோ, அவசரமென்று வந்தால் கதவைத் தட்டாமல் கிடைக்கிற பணம் அது ஒன்றுதான். அதனால்தான் 2011-ல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நாலு நாலு ஆடுகள் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, பெண்கள் பெயரிலேயே கொடுத்தது.

அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிற்றுக் குட்டியைக் காப்பாற்றத்தான் அவர் ஒளித்தார். ‘சினையாடு இருக்கிறது, என்ன செய்யலாம்?’ என்று கால்நடை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் நாள் பார்த்துச் சொல்லியிருப்பார். கேட்கலாம் என்று சொல்லுவதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

நாம் செய்யக்கூடியது

‘பட்டணத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், எங்களுக்கும் ஆட்டுக்கும் என்ன?’ என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பால், காய், கீரை கொண்டுவருகிறவர், பாத்திரம் தேய்க்க வருகிறவர், இவர்களில் யாராவது ஒருவர் வீட்டில் ஆடு நிற்கும். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாய், ஊரில் மாமியார் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். அவர்களிடம் சொல்லச் சில வார்த்தைகள்:

குட்டிக்கு நாலு மாதம் ஆனதும் ஆட்டுக்கொல்லி ஊசி போடலாம். அதற்கு முன்னால் தாய்ப்பாலில் வந்த பலமே ஊசியை வேலை செய்ய விடாது. சர்க்கார் கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் கிராமத்துக்கே வந்து இலவசமாகப் போடுகிற நாட்களில் ஆட்டை ஒளிக்க வேண்டாம். வருஷந்தோறும் புதுக் குட்டிகள் பிறந்துகொண்டிருப்பதால், ‘போன வருஷம் போட்டாயிற்றே’ என்று இருந்துவிடவும் கூடாது. மருந்து எப்போதும் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். வெயிலில் கிடந்த மருந்து வெறும் தண்ணீர்.

சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே மந்தையில் சேர்க்கக் கூடாது. மூன்று வாரமாவது தனியே கட்டித் தனிச் சட்டியில் தண்ணீர் வைக்க வேண்டும். வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகி வெளியாரை உள்ளே விடாத வழக்கம் நம்மவர்களுக்குப் புதிதா என்ன? அதையே ஆட்டுக் கொட்டிலுக்கும் செய்தால் போதும்.

நோய் கண்ட ஆட்டை, ‘செத்துப் போவதற்குள் வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம்’ என்று சந்தைக்கு ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கெடுதல். ஒருத்தி நஷ்டத்தை நூறு பேர் தலையில் கட்டுகிற காரியம் அது. செத்ததை ஓடையில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

கோடையில் கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒன்று. காட்டு மாட்டுக்கு மிச்சச் சோறு வைப்பதும், பக்கத்தில் நின்று படம் பிடிப்பதும் வேண்டாம். நம் ஊர்ப் பண்டமும் ஊர்க் கிருமியும் அதற்குப் பழக்கமில்லை. நாய்க்குட்டியை உடன் அழைத்துப் போவதானால் டிஸ்டெம்பர் ஊசி போட்டுவிட்டு அழைத்துப் போங்கள். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களிடையே புகுந்து சாவை விளைவித்தது, மேலே சொன்ன அதே குடும்பத்து நாய் வைரஸ்தான்.

2030-க்குள் ஆட்டுக்கொல்லி நோயையும் உலகத்தை விட்டு ஒழிப்பது என்று 2015-ல் உலக நாடுகள் உறுதி செய்துகொண்டன. இந்தியாவும் அதே வருஷத்தைக் குறித்து ஊசி போட்டு வருகிறது. பெரியண்ணனை ஒழித்தவர்களுக்குத் தம்பியை ஒழிப்பது முடியாத காரியமல்ல. ஆனால் மாட்டை விட ஆடு அதிகம். வெகு சீக்கிரம் பெருகுகிறது. வெகு சீக்கிரம் கைமாறுகிறது. டாக்டர்களும் மருந்தும் மட்டும் போதாது. கொட்டில் கொட்டிலாக நின்று, “இதோ, இந்தக் குட்டிக்கும் போடுங்கள்” என்று பிடித்துக் கொடுக்கப் பெண்கள் வேண்டும்.

வரையாட்டைப் பிடித்து யாரும் ஊசி போடப் போவதில்லை. அது நிற்கிற பாறைக்கு நம்மால் ஏறவும் முடியாது. அதற்குப் போட வேண்டிய ஊசியை வேடசந்தூரிலும் நத்தத்திலும் ஒட்டன்சத்திரத்திலும் உள்ள கொட்டில்களில்தான் போட்டாக வேண்டும். முருங்கைக்காய்க்கார அம்மாள் மறுபடியும் இரண்டு குட்டி வாங்கியிருக்கிறார். இந்தத் தடவை இரண்டையும் வீட்டுக்குப் பின்னால் தனியே கட்டியிருக்கிறாராம். ஊசிக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று என்னையே விசாரித்துச் சொல்லச் சொன்னார். விசாரித்துச் சொல்லியிருக்கிறேன்.